பாம்புச்செவிக்குக் கேட்காத சில்வண்டு

காட்டுக்குள் நடக்கிற பேய்ப்படங்களுக்கென்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. ஐந்து பேர் காட்டுக்குப் போவார்கள். ஏன் போகிறார்கள் என்று கேட்கக்கூடாது. போனதும் வண்டி பழுதாகும், போனில் சிக்னல் போகும், தூரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரியும். விவரமுள்ளவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே படுத்துவிடுவான். இவர்கள் விளக்கைப் பார்த்து நடப்பார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வது என்றால் என்ன என்று தெரியாதவர்கள் இந்த மாதிரி நாலு படம் பார்த்தால் போதும்.

அந்தக் காடுகளுக்கெல்லாம் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவள் அக்கா. ஒலிக்கூடத்தில் முதலாளி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் பாம்புச்செவி என்றார்கள். அதுவும் அவளுக்குக் கேட்டுவிடும், பாம்புச்செவி அல்லவா. சருகில் நடக்கிற சத்தத்துக்குப் பழைய கேசட் நாடாவைக் கூடை நிறையக் கொட்டி மிதிப்பார்கள். எலும்பு முறிய வேண்டுமென்றால் முட்டைக்கோஸைத் திருகுவார்கள். வந்து சேர்கிற சத்தத்தையெல்லாம் கலந்து, எது முன்னால், எது பின்னால், எது எவ்வளவு என்று பதம் பார்ப்பது அக்காவின் வேலை. சமையலில் உப்புப் பார்க்கிற மாதிரிதான், நாக்குக்குப் பதில் காது.

இத்தனை காடுகளை உண்டாக்கியவள் நிஜக் காட்டை ஒருநாளும் மிதித்ததில்லை. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவாள். அதைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால், "பேய் கூட வரட்டும், பேசிக்கலாம். இது மேல ஏறுமே" என்பாள்.

அன்றைக்குக் கையில் இருந்தது ஓர் இளம் டைரக்டரின் முதல் படம். எந்நேரமும் தலையில் தொப்பி, தூங்கும்போதாவது கழற்றுவானோ என்னவோ. அதனால் அவன் பெயரும் தொப்பி ஆகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் படத்தைக் கொடுத்தாக வேண்டும். மிச்சமிருந்தது ஒரே ஒரு முக்கியமான காட்சி. ஐந்து பேரில் நாலு பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. கடைசிப் பெண் ஒரு மரப்பொந்துக்குள் ஒளிந்திருக்கிறாள். சுற்றிலும் சில்வண்டுகள் காது கிழியக் கத்துகின்றன. திடீரென்று வண்டு நிற்கிறது. முகமில்லாத அது வந்துவிட்டது.

இதுதான் இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சூட்சுமம். பூச்சி கத்துகிற வரைக்கும் காட்டில் பயமில்லை. பூச்சி வாயை மூடினால் தியேட்டரில் இருக்கிறவன் மூச்சை நிறுத்துவான். பேயைக் காட்டுவது கேமராக்காரர் வேலையாக இருக்கலாம், அதைக் கூட்டிக்கொண்டு வருவது சில்வண்டுதான். அக்கா அந்தச் சத்தத்தை மட்டும் அறையின் பின்பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பியிருந்தாள். பார்க்கிறவன் முதுகுக்குப் பின்னால் காடு இருக்க வேண்டும் என்று அவள் எண்ணம்.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். பின்னால் சோபாவில் தயாரிப்பாளர், அவருக்கு முன்னால் தொப்பி, அக்காவுக்குப் பக்கத்தில் அவளுடைய உதவியாளர் கொட்டாவி. அவருக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லத் தேவையில்லை. காட்சி ஓடியது. பெண் பொந்துக்குள் மூச்சு வாங்கினாள், கேட்டது. காலடியில் சருகு நொறுங்கியது, கேட்டது. சில்வண்டைக் காணோம்.

மேஜைமேல் மீட்டரில் பச்சைக் கோடு துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. அதாவது சத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அக்கா சத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினாள். கோடு இன்னும் துள்ளியது. காதில் ஒன்றும் விழவில்லை. படத்தை நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் தொப்பி சொன்னான். "அக்கா, இந்தச் சில்வண்டு கொஞ்சம் தூக்கலா இல்ல?"

திறந்த வாயை அக்கா மூடிக்கொண்டாள்.

"ஆமா, குத்துது," என்றார் பின்னாலிருந்து தயாரிப்பாளர்.

அக்கா கொட்டாவியைப் பார்த்தாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "லேசாக் கொறைக்கலாங்க்கா," என்றார்.

அக்கா குறைத்தாள். எதைக் குறைக்கிறோம் என்றே தெரியாமல் குறைத்தாள்.

"இப்ப?"

"இப்ப கரெக்ட். சூப்பர்க்கா."

மூன்று பேருக்குக் கேட்கிறது, தனக்குக் கேட்கவில்லை. ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனவனிடம் மூன்று பேர் மாற்றி மாற்றி அது நாய் என்று சொல்ல, அவன் இறக்கிவிட்டுப் போன கதை எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், நம் தோளில் ஆடு இருக்கும்போது அந்தக் கதை ஞாபகத்துக்கு வருவதில்லை. அவளுக்கு ஞாபகம் வந்தது வேறு. அவளுடைய அப்பாவுக்கு ஐம்பதை எட்டும் முன்பே காது போனது. அத்தைக்கும் அதே வயதில் போனது. அக்கா இப்போது அந்த வயதில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பின்பக்கம் போய் ஸ்பீக்கரிலேயே காதை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பேய்ப்படம் எடுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். மேலும், பாம்புச்செவி என்று பெயர் வாங்கிய பிறகு மூன்று பேர் பார்க்க எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை ஒட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அது அவளிடம் அன்றைக்கு இல்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

வீட்டில் அவளும் அப்பாவும்தான். கணவருக்கு வெளியூரில் வேலை, வாரக்கடைசியில் வருவார். அப்பா கடிகாரம் பழுது பார்த்தவர். இப்போது காதில் மிஷின் மாட்டிக்கொண்டிருந்தார். பிடிக்காத பேச்சு வந்தால் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மகள் வேலை செய்த பேய்ப்படங்களையெல்லாம் மிஷின் இல்லாமல்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். "மரம் சும்மா நிக்குது, அந்தப் பொண்ணு எதுக்கும்மா இந்த ஓட்டம் ஓடுது?" என்பார். சத்தம் இல்லாவிட்டால் எந்தக் காடும் பூங்காதான் என்று அக்காவுக்கு அவரால்தான் தெரியும்.

சாயங்காலம் முழுக்க அக்கா வீட்டுக்குள் சத்தங்களைத் தேடித் திரிந்தாள். குழாய் சொட்டியது, கேட்டது. மேல்வீட்டில் நாற்காலி இழுத்தார்கள், கேட்டது. மாடிப்படியில் யாரோ சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு ஏறினார்கள், அதுவும் கேட்டது. ஆனால் உண்மையில் கேட்டதா, கேட்கும் என்று தெரிந்ததால் கேட்டதா? சந்தேகம் வந்துவிட்டால் சொந்தக் காதும் அடுத்த வீட்டுக்காரன் காதுதான்.

சாப்பிட உட்கார்ந்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"அப்பா, உங்களுக்கு முதல்ல எந்தச் சத்தம் கேக்காம போச்சு?"

அப்பா யோசிக்கவே இல்லை. "கடிகாரம்தான். ஒருத்தர் பெல்ட் மாத்தக் குடுத்தாரு. காதுல வெச்சேன், டிக்டிக் இல்ல. நின்னு போச்சு சார்னு சொல்லிட்டு, அவர் கண்ணு முன்னாடியே பிரிச்சுட்டேன். உள்ள சக்கரம் ஜம்முன்னு சுத்திக்கிட்டிருக்கு. ஓடற கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்ட ஆள் நானாத்தான் இருப்பேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கடிகாரத்தை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. ஏதாவது திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

வழக்கமாக இந்த இடத்தில் சிரிப்பார். சிரிக்க வாயெடுத்தவர் மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காது போனவர்களுக்குக் கண் கூர்மை.

"எதுக்கும்மா கேக்கற?"

"சும்மாதாம்பா."

அவர் தட்டில் பாதிச் சாப்பாடு இருக்க எழுந்து கை கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். மிஷினைக் கழற்றினாரா, இல்லையா என்று அக்கா பார்க்கவில்லை.

காலையில் எழுந்தபோது அவள் ஒரு முடிவோடு எழுந்தாள். காது போனது போகட்டும், அது விதி. ஆனால் தனக்குக் கேட்காத சத்தத்தைக் கலந்து அடுத்தவன் முதல் படத்தைக் குட்டிச்சுவராக்கினால் அது பாவம். ஓடுகிற கடிகாரத்தைப் பிரிக்கிற வேலை தன்னிடம் வேண்டாம். இத்தனை வருஷப் பெயர், அந்த நாற்காலி, அந்தக் கிண்டல், எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை அழுது முடித்துவிட்டு ஒலிக்கூடத்துக்குப் போனாள்.

மூவரும் வந்திருந்தார்கள். அக்கா தன் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"தம்பி, சார், ஒரு விஷயம். எனக்கு அந்தச் சில்வண்டு கேக்கல. நேத்து சும்மா திருகினேன். எனக்குக் காது போயிட்டு வருதுன்னு நெனைக்கிறேன். எங்க வீட்டுல இது உண்டு. இன்னிக்கே வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க, நானே போன் பண்ணித் தரேன். ஒருநாள் தாமதமானாலும் பரவாயில்ல, படம் கெட்டுடக்கூடாது."

தொப்பி தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினான். அவனுக்கு அந்த வயதிலேயே நடுவில் வழுக்கை என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

"அக்கா," என்றான். "எனக்கும் கேக்கலக்கா."

"என்ன?"

"எனக்கும் ஒண்ணும் கேக்கல. மீட்டர் ஆடறதைப் பாத்தேன். சரி, ஏதோ சத்தம் இருக்கு, நமக்குத்தான் பிடிபடலன்னு நெனச்சேன். நீங்க பாம்புச்செவி. உங்க முன்னாடி கேக்கலன்னு எப்படிச் சொல்றது? முதல் படம் வேற. ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தா, இவனுக்கு என்ன தெரியும்னு நெனைப்பீங்களோன்னு..."

"தூக்கலா இருக்குன்னு சொன்னியே!"

"ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேங்க்கா."

அக்கா மெல்லத் திரும்பித் தயாரிப்பாளரைப் பார்த்தாள். அவர் போனில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"சார், குத்துதுன்னீங்க?"

"டைரக்டர் சொல்றாரு, நான் வேற என்னத்தச் சொல்ல? எனக்கு ரெண்டு பாட்டும் இன்டர்வலும் இருந்தாப் போதும்மா."

கொட்டாவியைக் கேட்க வேண்டியதே இல்லை. அவர் ஏற்கெனவே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "நான் தூங்கிட்டேங்க்கா. நீங்க பாத்ததும் முழிப்பு வந்துச்சு. எல்லாரும் கொறைக்கச் சொன்னாங்க, நானும் சொல்லிட்டேன்."

அக்கா அப்படியே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நாலு பேர், எட்டுக் காது, ஒரு காதிலும் வண்டு விழவில்லை. ஊரே சேர்ந்து செவிடாக முடியாது. அப்படியென்றால் கோளாறு காதில் இல்லை. இதை அவள் புரிந்துகொள்வதற்குள் கொட்டாவி எழுந்து, ஸ்பீக்கர்களை மறைத்திருந்த பின்பக்கத் திரைக்குள் நுழைந்திருந்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "அக்கா, பிளக் கீழே கிடக்குது."

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் காலையில் ஏ.சி. லேசாக ரீங்காரம் போடுகிறது என்று மெக்கானிக்கை வரச்சொன்னது அக்காவேதான். வேறு யாருக்கும் அந்த ரீங்காரம் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்த மெக்கானிக், தன் டிரில்லிங் மிஷினை மாட்ட இடமில்லாமல் பின்பக்க ஸ்பீக்கர்களின் பிளக்கைப் பிடுங்கினார். ரீங்காரத்தைச் சரிசெய்தார், போய்விட்டார். மேஜையிலிருந்து சத்தம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் கதவு மூடியிருந்தது.

கொட்டாவி பிளக்கை மாட்டினார். தொப்பி படத்தை ஓட்டினான்.

முதுகுக்குப் பின்னால் ஆயிரம் சில்வண்டுகள் ஒன்றாகக் கத்தின.

அது இனிமையான சத்தம் இல்லை. ரம்பத்தால் தகரத்தை அறுக்கிற மாதிரி இருக்கும். அக்கா இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். வலது காதில் கேட்டது. இடது காதில் கேட்டது. ஒரு வண்டு மட்டும் மற்றதைவிட அரைச்சுருதி குறைவாகக் கத்துவதுகூடக் கேட்டது. அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நிம்மதி என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அது உச்சந்தலையிலிருந்து வெந்நீர் ஊற்றின மாதிரி உடம்பெல்லாம் இறங்கியது.

அப்புறம் வண்டு நின்றது.

தயாரிப்பாளர் கையிலிருந்த டீ சட்டைமேல் கொட்டியது. தொப்பி நாற்காலியோடு ஓரடி பின்னால் போனான். அந்தக் காட்சியை எழுதினவன் அவன், எடுத்தவன் அவன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வசனம் மாறாமல் சொல்வான். அவனே பயந்துவிட்டான்.

பயந்தவன் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த முடியாமல் சிரித்தான். "அக்கா, நேத்து வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவே இல்ல தெரியுமா? இந்த சீன் செத்துப் போச்சு, ஒரு பயமும் வரல, இனிமே எவனும் எனக்குப் படம் குடுக்க மாட்டான், பேசாம அண்ணன் கடையில போய் உக்காந்துடலாம்னு முடிவே பண்ணிட்டேன். காட்டுல தப்பு இல்லக்கா. பிளக்குலதான் தப்பு."

"கேக்கலன்னு நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சாப்பிட்டிருக்கலாம்," என்றாள் அக்கா.

"நீங்களும்தான் சொல்லல."

அக்கா தொப்பிக்குத் தொப்பியை எடுத்துக் கொடுத்தாள். கொட்டாவி தானாகவே போய் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். தயாரிப்பாளர் ஈரச் சட்டையோடு, "இந்த இடத்துல தியேட்டர்ல எத்தனை பேர் கத்துவாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீயை ஒரு வாய் குடித்தவள் சட்டென்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். பாதித் தட்டில் எழுந்துபோன அப்பாவின் முதுகு கண்ணுக்கு முன்னால் வந்தது. போனில் சொல்லலாம் என்றால் அவருக்குப் போனில் ஒரு வார்த்தையும் பிடிபடாது.

"தம்பி, வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"அக்கா, சாயங்காலம் படம் குடுக்கணுமே."

"குடுக்கலாம். பேய் எங்கேயும் போயிடாது."

அப்பா வீட்டுக்குள் இல்லை. மாடிப்படியில், முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் மாற்ற வேண்டிய சட்டையை மாற்றவில்லை, சவரம் செய்யவில்லை. மகள் வேலை நேரத்தில் திரும்பி வருவதைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. வேலையை விட்டுவிட்டு வருகிறாள் என்றே நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"போயிடுச்சாம்மா?" என்றார்.

"இல்லப்பா."

"எங்கிட்ட மறைக்காத. எனக்குப் போனப்பகூட நான் இப்படி ஒடிஞ்சு போகல. கடிகாரம் பாக்க ஊர்ல வேற ஆள் இல்லாமயா போயிடுவாங்கன்னு விட்டுட்டேன். நேத்து நீ கேட்டதுலேருந்து எனக்குத் தாங்கல. சொத்துன்னு உனக்கு நான் எதுவும் குடுக்கல. இந்தக் காதை மட்டும் குடுத்துட்டேனே."

அக்கா இத்தனை வருஷமாக டிவி சத்தத்துக்காகவும், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பதற்காகவும் அவரிடம் எவ்வளவு சிடுசிடுத்திருக்கிறாள். அதெல்லாம் மொத்தமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அவர் எதிரில் குனிந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டுக் கத்தினாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுப்பா! ஸ்பீக்கர் பிளக்குலதான் கோளாறு, என் காதுல இல்ல. சில்வண்டு கத்தறது எல்லாம் கேக்குது."

மேல்வீட்டு அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "எங்களுக்கும் நல்லாக் கேக்குதும்மா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா அவள் கைமேல் தன் இன்னொரு கையையும் வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ஏன்ப்பா, கேக்கலயா?"

"கேட்டுச்சு. நீ சொல்லு."

அக்கா படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு தடவை சொன்னாள்.